கருவும் கருத்தும் (9): இனுவிலுக்கென்று புறப்பட்ட வைத்தியர்

மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 1857 இல் தமிழில் அச்சேற்றிய ‘பிரசவ வைத்தியம்’ என்னும் நூலோடு சென்ற வாரம் நின்றோம், வாசகர் மறந்திருக்கமாட்டார். 1965 இல் அரசாங்கம் குடும்பத் திட்டமிடலைத் தன் சுகாதார சேவையோடு இணைத்துக்கொண்டபோது நமது கிராமங்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டன என்பதையே இவ்வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அதற்காகக் குறிப்புகளைப் புரட்டிய வேளையில் ஒரு பெண்மணியின் சரித்திரம் குறுக்கே வந்து என் சிந்தையை முழுவதும் கைக்கொண்டது. அச்சுக்குக் கொடுக்கும் நாளும் வந்துவிட்டது. ஆகவே அவரை முன்னே விட்டு மற்றையதைப் பின்னே வைக்கிறேன்.

இனுவில் ஆஸ்பத்திரியை அறியாத யாழ்ப்பாணக் குடும்பம் அரிது. மேரி, மார்கரெட் என்னும் லீச் சகோதரிகள் இருவர் கடல் கடந்து சென்று நிதி திரட்டியதன் பயனாக, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1898 இல் எழுந்த மக்லியோட் வைத்தியசாலை அது. இசபெல்லா கர் என்னும் பெண் வைத்தியர் அங்கே தமது வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். துடக்கும், காயச்சரக்கும், மருத்துவிச்சியின் கைப்பழக்கமுமாக அறைக்குள் நடந்தேறிய பிள்ளைப்பேற்றை நமது மூத்தோர் ஓர் அந்நிய கட்டடத்துக்கு எடுத்துச் செல்லச் சம்மதித்தது விஞ்ஞானத்தில் கொண்ட திடீர் விசுவாசத்தினால் அன்று என்பதை என் அம்மம்மாவின் வாய்ச்சொல்லே எனக்கு உணர்த்திற்று. “ஆம்பிளைக் கை படாத ஆசுப்பத்திரி எண்டபடியால்தான் மேனை, மாமி என்னை விட்டவ” என்பார். அதோடு நிறுத்தமாட்டார். “அடுத்ததுக்குக் கொஞ்சக் காலம் பொறு பிள்ளை எண்டு ஒரு நேர்ஸ் காதுக்குள்ளை சொன்னவ. அதை ஆர் மாமியிட்டைப் போய்ச் சொல்லுறது?” என்றும் கேட்பார். பிள்ளை பெறுவதற்கு ஆஸ்பத்திரி ஆகும், பெறாதிருப்பதற்கு அதன் ஆலோசனை ஆகாது என்ற இந்தப் பிளவுதான், ஒன்பது வாரமாக நான் சுற்றிச் சுற்றி வருகின்ற விஷயம்.

இனி அந்தப் பெண்மணி. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து எலோரா என்னும் ஊரில் 1873 இல் பிறந்த மேரி ஏர்வின், வைத்தியம் கற்றுத் தேறி, யாழ்ப்பாணத்தில் பெண்களுக்குச் சிகிச்சை செய்யவென அமெரிக்க மிஷனால் 1896 இல் தெரிந்தெடுக்கப்பட்டவர். அதாவது, இனுவிலில் அமையவிருந்த அந்தப் பெண்கள் வைத்தியப் பணிக்கென்றே புறப்பட்டவர். வழியில் நியூயோர்க் நகரில், அங்கே கல்வி கற்றுக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவராகிய சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினம் என்பவரைச் சந்தித்தார், விவாகம் செய்துகொண்டார். தமிழருடைய ஆத்துமாக்களை நேசிப்பதற்கென்றே வந்திருந்த மிஷனரிமாருக்கு, தமிழன் ஒருவனை ஒரு வெள்ளைப் பெண் நாயகனாக நேசிப்பது பொறுக்கக்கூடியதாயில்லை. அவரை ஏற்க மறுத்தார்கள். அவர் கொழும்புக்குச் சென்று, லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையில் சிறிது காலம் கடமையாற்றி, பின்னர் தனியாகத் தொழில் நடத்தினார். பெண்களின் வாக்குரிமைக் கிளர்ச்சியிலும், கிராமத்து மாதரை ஒன்றுசேர்த்த லங்கா மகிலா சமிதியிலும் முன்னின்ற வைத்தியர் மேரி இரட்ணம் இவரே. 1958 இல் மக்சேசே விருது பெற்றவரும் இவரே.

என்னை நாற்காலியை விட்டு எழச்செய்த செய்தி வேறு. இலங்கையில் கருத்தடை பற்றிப் பெண்களுக்கு ஆலோசனை கூறும் ஒரு நிலையத்தை 1930களிலேயே கொழும்பில் துணிந்து திறந்தவரும் இந்த அம்மையாரே! குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியதோ 1953 இல். அவருடைய முயற்சி பலத்த கண்டனத்துக்கு உள்ளாயிற்று, நெடுங்காலம் நிலைக்கவுமில்லை. ஆயினும் தீவு முழுவதற்கும் அந்த விஷயத்தை முதலில் வாய்திறந்து பேசியவர்களில் ஒருவர், நம்முடைய இனுவிலுக்கென்று கப்பலேறியவர் என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

அவர் இனுவிலிலேயே தங்கியிருந்தால் என்னவாயிருக்கும்? மாமிமார் நம்பி அனுப்பிய அதே ஆஸ்பத்திரியில், காதோடு காதாகச் சொல்லப்பட்ட வார்த்தை கூடத்தில் வைத்துச் சொல்லப்பட்டிருக்குமென்று முதலில் மகிழ்ந்தேன். மேலும் யோசித்தபோது அது சந்தேகமாயிற்று. அக்காலத்து மிஷன் எதுவும் கருத்தடையைத் தன் கூரையின் கீழ் அனுமதித்திராது. தள்ளப்பட்டமையினாலேயே அவர் தம் மனச்சாட்சிக்கு மாத்திரம் கணக்குச் சொல்ல வேண்டிய வைத்தியரானார். நஷ்டம் அவருக்கன்று, யாழ்ப்பாணத்துக்கே. நம்மிடையே வாழ்ந்து, நமது மருமகளாகி, நமது மாமிமாரோடு சரிக்குச் சரி வாதாடக்கூடிய ஒருவர் இல்லாமற்போக, அந்த ஆலோசனை பின்னொரு காலத்தில் அரசாங்கத்தின் கடதாசியாகவே நமது வளவுக்குள் நுழைந்தது.

மகப்பேறு வாய்க்காதவர்களின் கதையும் இதனோடு ஒட்டியதே. நயினாதீவு நாகபூஷணி அம்மனிடம் கணவனும் மனைவியும் சேர்ந்து சென்று பிள்ளைவரம் கேட்கிறார்கள். ஊர் வழங்கும் வசையோ மனைவிக்கு மாத்திரம் உரியதாகிறது. குறை ஆணிடத்திலும் இருக்கலாமென்பதை வைத்திய சாஸ்திரம் சொல்லிப் பல்லாண்டாகியும், முதற் பரிசோதனைக்கு இன்றும் பெண்ணையே அனுப்புகிறோம். இதற்குத் தனியே ஒரு வாரம் வேண்டும்.

அடுத்த வாரம் 1965 ஐத் தவறாது எடுத்துக்கொள்வேன். அத்தோடு, 2013 ஆம் ஆண்டு ஓகஸ்டில் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில், போதிய விளக்கமும் மனமொத்த சம்மதமும் இன்றிப் பெண்களின் கையில் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதென எழுந்த முறைப்பாட்டையும் எழுதவேண்டியிருக்கிறது. கிளினிக்குக்கு வரச்சொல்லும் மருத்துவமாதுவை ஒரு தாய் ஏன் ஐயத்தோடு நோக்குகிறாள் என்பது அதனை விட்டுவிட்டால் விளங்காது.