வட்டக் கிணற்று வேலையை அளக்கும் முறை

கிணறு வெட்டும் வேலைக்கு, தோண்டிய மண்ணைக் கன அடியாகக் கணக்கிட்டுக் கூலி பேசுவதுண்டு. சதுரக் குழியை அளப்பதில் சந்தேகம் எழுவதில்லை. வட்டக் குழியிலேயே தகராறு பிறக்கிறது. ஆகையால் நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் இக்கணக்கைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

எவ்வட்டத்திலும் சுற்றளவானது விட்டத்தின் மும்மடங்குக்குச் சற்று அதிகம். அவ்விகிதத்தை முற்றிலும் சரியாகக் காட்டும் பின்னம் எதுவும் இல்லை. எனினும் நடைமுறைக்கு 22/7 போதுமானது. உண்மை விகிதம் இதற்குச் சிறிது குறைவென்பதைக் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே நிரூபித்தார். விஸ்தீரணம் காண, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டும். இவ்விதி தமிழ்க் கணித நூலாகிய கணக்கதிகாரத்திலும் உள்ளது.

உதாரணமாக, 21 அடி விட்டமும் 40 அடி ஆழமும் உள்ள கிணறு:

சுற்றளவு: 21 × 22/7 = 66 அடி
விஸ்தீரணம்: 33 × 10½ = 346½ சதுர அடி
தோண்டிய அளவு: 346½ × 40 = 13,860 கன அடி

சுற்றளவை மும்மடங்கென்றே கொண்டால் 13,230 கன அடிதான் வரும். வேலையாட்களுக்கு 630 கன அடிக் கூலி நஷ்டம். சுற்றளவில் கால்பங்கை அதனாலேயே பெருக்கினால் அவர்கள் இழப்பது 2,970 கன அடி. மாறாக, விட்டத்தை விட்டத்தால் பெருக்கி விட்டால், கிணற்றுக்காரர் 3,780 கன அடிக்கு வீணாகக் கூலி கொடுக்க நேரிடும். 22/7 என்னும் பின்னத்தால் நேரும் பிழையோ இக்கிணற்றில் 6 கன அடிக்கும் குறைவு.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. விட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இருமுறை அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

2. கிணறு கீழே குறுகிச் சென்றால், ஆழத்தைப் பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிட வேண்டும். மண்ணுக்கும் பாறைக்கும் கூலி வேறுபடுமாயின் அவற்றையும் அவ்வாறே பிரித்தல் வேண்டும்.

3. தோண்டிய வேலைக்கு வெட்டிய குழியின் விட்டமும், நீரின் அளவுக்குச் சுவரின் உள்விட்டமும் கொள்ள வேண்டும். மேற்சொன்ன கிணற்றில் ஒன்றரை அடிக் கனத்தில் சுற்றுச்சுவர் எழுப்பினால் உள்விட்டம் 18 அடியாகும். விஸ்தீரணம் ஏறத்தாழ 254½ சதுர அடியே. ஓரடி ஆழ நீர் சுமார் 7,200 லிட்டர் ஆகும். வெளிவிட்டத்தைக் கொண்டால் 9,800 லிட்டர் என்று தவறாகத் தோன்றும். அதை நம்பிப் பயிரிடுவோர் பின்னர் தண்ணீர் போதாமல் அவதியுறுவர்.

சுவர் எழும்பிய பிறகு வெட்டிய விட்டத்தை அளக்க இயலாது. எனவே கட்டட வேலை தொடங்குமுன்பே, இருதரப்பாரும் கூடி அளந்து, அளவுகளை எழுதிக் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வது நலம்.