முட்டி வலி: மாத்திரைக்கு முன் தசை

செந்தூலில் ஐம்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முட்டி வலிக்கு வந்துவிடும். எந்த பார்மசியில் எந்த மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்ற யோசனையும் கூடவே வரும். டைக்லோஃபினாக் போன்ற மாத்திரைகள் சில நாளுக்கு நல்ல உதவிதான். ஆனால், இந்த வலிக்குப் பெரும்பாலும் காரணமான முட்டித் தேய்மானம் பல ஆண்டுகள் கூடவே இருக்கும் நோய். அத்தனை காலமும் மாத்திரையையே நம்பியிருக்க மலேசிய இந்தியர்களின் உடல்நிலை இடம் தராது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய், இந்தியர்களில் 31.4 விழுக்காடு. இனிப்புநீரும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே பழுதாக்கிவரும் சிறுநீரகத்துக்கு இந்த மாத்திரைகள் ரத்த ஓட்டத்தையும் குறைக்கின்றன, அழுத்தத்தை ஏற்றுகின்றன, வயிற்றில் புண்ணையும் உண்டாக்கலாம்.

அப்படியானால் எதை நம்புவது? தொடைத் தசையை. நடக்கும்போது விழும் அதிர்ச்சியில் ஒரு பங்கை அதுதான் வாங்கிக்கொள்கிறது. வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால் தசை மெலியும், சுமை மூட்டில் இறங்கும், வலி இன்னும் கூடும். இந்தச் சுற்றை உடைக்க ஜிம் தேவையில்லை. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி, மெல்ல இறக்கலாம். கை ஊன்றாமல் எழுந்து உட்காரலாம். பூங்காக்களில் சீனப் பெரியவர்கள் செய்யும் தைச்சியும் இதில் சேரும்: பாஸ்டனில் 204 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 12 வாரத் தைச்சி முறையான பிசியோதெரபிக்கு நிகரான பலனைத் தந்தது. எடையும் முக்கியம். அதே 2019 தேசிய ஆய்வில் மலேசிய இந்தியர்களில் 63.9 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையில் இருந்தனர். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து சொன்னது.

தேய்ந்த முட்டி நடந்தால் மேலும் தேயாதா என்று பலர் அஞ்சுகிறார்கள். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது; பஞ்சைப் போல அழுந்தி விரியும்போதுதான் மூட்டுநீரிலிருந்து சத்தை உறிஞ்சுகிறது. ஆகவே அளவான அசைவு அதற்கு உணவு. பயிற்சிக்குப் பின் வரும் வலி மறுநாளுக்குள் அடங்கினால் பயமில்லை. முட்டி வீங்கினால் அளவைக் குறைக்க வேண்டும். மாடிப்படி ஏறும்போது வலித்தால் தித்திவங்சா ஏரிப் பூங்காபோன்ற சமதளத்தில் நடக்கலாம்.

பயிற்சியின் பலன் சிறிதுதானே என்பது இன்னும் வலுவான கேள்வி. உண்மைதான். பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வந்த காக்ரேன் மீளாய்வு, நூறு புள்ளி அளவுகோலில் வலி சராசரியாக 9 முதல் 13 புள்ளிவரைதான் குறைகிறது என்கிறது. ஆனால், பாராசிட்டமாலை மருந்தில்லா மாத்திரையோடு ஒப்பிட்ட 2019 மீளாய்வில் கிடைத்த கூடுதல் பலன் ஏறக்குறைய 3 புள்ளிதான். தவிர, பயிற்சி ரத்தச் சர்க்கரையையும் இறக்குகிறது. வலி மாத்திரைகள் பொதுவாக அதைச் செய்வதில்லை.

மாத்திரை வேண்டாமென்று பெயர் தெரியாத மூலிகைத் தூளுக்குத் தாவுவது இதைவிட ஆபத்து. மூட்டுவலிக்கென விற்கும் சில பாரம்பரியப் பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலக்கப்படுவதாக மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை எச்சரித்திருக்கிறது. ஒரே நாளில் வலி பறந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும்.

மாத்திரையை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. வலி முற்றிய நாளில் முதலில் தோலில் தடவும் ஜெல், அதற்கும் கேட்காவிட்டால் மருத்துவர் சொன்ன அளவில் சில நாள் மாத்திரை. திடீர் வீக்கம், காய்ச்சல், இரவில் தூங்கவிடாத வலி இருந்தால் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். மற்றபடி, அடுத்த முறை அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்கும்போது இன்னொரு பட்டை மாத்திரை கேட்பதற்குப் பதில், சிறுநீரகப் பரிசோதனையும் பிசியோதெரபிக்கு ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள்.