நாற்பது ரூபாய்ச் செடி, ஆயிரத்தெண்ணூறு ரூபாய் மரம்

தெலங்கானா அரசு 2015 ஜூலை 3 அன்று சிலுக்கூரில் ஹரித ஹாரம் திட்டத்தைத் தொடங்கியபோது வைத்த இலக்கு 230 கோடி செடிகள். காட்டுக்குள் 100 கோடி, காட்டுக்கு வெளியே 120 கோடி, ஹைதராபாத் பெருநகரப் பகுதியில் 10 கோடி. 2023-இல் அரசு சொன்ன கணக்குப்படி நட்டது சுமார் 273 கோடி. செலவு சுமார் ₹10,822 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு செடிக்கு ₹40-க்குச் சில காசு குறைவு.

பலன் இல்லாமல் போகவில்லை. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கையில் ஹைதராபாத்தின் பசுமைப் பரப்பு 2011-இல் 33.15 ச.கி.மீ., 2021-இல் 81.81 ச.கி.மீ. பத்தாண்டில் கூடியது 48.66 ச.கி.மீ., அதாவது 147 சதவீதம். இந்தியாவின் பெருநகரங்களில் இதுதான் முதலிடம். 2022 அக்டோபரில் தென்கொரியாவின் ஜெஜு தீவில் உலகப் பசுமை நகர விருதும் ஹைதராபாத்துக்குக் கிடைத்தது.

அந்த ₹40-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு உகாதி நெருங்கும் நாளில் நர்சரிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது நாற்றங்காலில் லட்சக்கணக்கில் வளர்த்து, காட்டிலும் சாலையோரத்திலும் வைக்கும் சிறு நாற்றின் சராசரி. குடியிருப்புக்குள் மூன்று ஆண்டு தாக்குப்பிடித்து நிழல் தரும் மரத்தின் செலவு வேறு. அதை வரி வரியாகப் போட்டுப் பார்ப்போம்.

எப்போது நடுவது?

ஹைதராபாத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 800 மி.மீ. அதில் முக்கால் பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதத்தில் வந்துவிடும். மே மாத உச்ச வெப்பத்தின் சராசரி 39 டிகிரியை ஒட்டி நிற்கும். மாசி, பங்குனியில் புரசு பூத்து, புங்கம் தளிர்விட்டு, வேம்பு மணக்கும்போது நடவேண்டும் என்று யாருக்கும் ஆசை வரும். ஆனால் பூக்கும் அந்த மரங்களின் வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது. புதுச்செடியின் வேரோ பை அளவைத் தாண்டியிருக்காது.

பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை 120 நாள், அதாவது 17 வாரம். வாரம் மூன்று முறை, முறைக்கு 20 லிட்டர் என்றால் ஒரு செடிக்கு 1,020 லிட்டர். பத்துச் செடிக்கு 10,200 லிட்டர். 5,000 லிட்டர் லாரி இரண்டுக்குச் சற்று மேல். மழை தொடங்கியபின் ஜூலையில் நட்டால் இந்தக் கோடை முழுதும் மிச்சம். ஆகவே இளவேனிலில் செய்ய வேண்டியது குழி வெட்டுவது, களை ஒழிப்பது, மர வகையை முடிவு செய்வது. நடுவது ஆடிக்கு.

பத்து மரத்தின் கணக்கு

600 கஜம் பொது இடம் உள்ள ஒரு காலனியை எடுத்துக்கொள்வோம். 600 கஜம் என்பது ஏறக்குறைய 500 சதுர மீட்டர். ஒரு மரத்தின் குடை 6 மீட்டர் விரிந்தால் அது மூடும் பரப்பு 28 சதுர மீட்டர். பத்து மரம் 283 சதுர மீட்டரை மூடும். பாதிக்கு மேல் நிழல். அதற்கு மேல் நட்டால் கிளையோடு கிளை மோதும்.

கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் பகுதியில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். விகிதம் பெரிதாக மாறாது. ஒரு மரத்துக்கு, மூன்று ஆண்டுக்கு:

- 5 அடி உயரச் செடி: ₹200
- குழி, 60 செ.மீ. நீள அகல ஆழம்: ₹150
- மக்கிய தொழு உரம் 10 கிலோ: ₹80
- வேப்பம் பிண்ணாக்கு கால் கிலோ: ₹10
- முட்டுக்கொடுக்கும் மூங்கில்: ₹60
- கம்பிக் கூண்டு: ₹600
- தண்ணீர் 2,300 லிட்டர், 5,000 லிட்டர் லாரி ₹700 என்ற விலையில்: ₹322
- களையெடுப்பு, ஆண்டுக்கு 4 முறை: ₹420
- மொத்தம்: ₹1,842

பத்து மரத்துக்கு ₹18,420. இதில் செடியின் விலை 11 சதவீதம்தான். களையெடுப்புச் செலவு செடி விலையைப் போல இரண்டு மடங்கு. தண்ணீரும் களையும் சேர்ந்தால் ₹742. மொத்தத்தில் 40 சதவீதம். தண்ணீர் ஊற்றும் ஆளின் கூலி இதில் இல்லை.

தண்ணீர்க் கணக்கு இப்படி: ஜூலையில் நட்ட செடிக்கு முதல் கோடையில் 1,020 லிட்டர், இரண்டாம் கோடையில் வாரம் ஒரு முறை 40 லிட்டர் வீதம் 680, இரண்டு பனிக்காலத்துக்கும் சேர்த்து 600. களைக்கு ஒரு ஆளின் அரைநாள் வேலையில் பத்துப் பாத்தியும் முடியும். நாள் கூலி ₹700 என்றால் மூன்று ஆண்டில் 12 அரைநாளுக்கு ₹4,200.

குழியைச் சின்னதாக வெட்டி மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. 60 செ.மீ. குழியின் கொள்ளளவு 216 லிட்டர். 45 செ.மீ. குழியில் 91 லிட்டர்தான். ஹைதராபாத்தில் மேலே சல்கா என்னும் செம்மண், கீழே மொரம் என்னும் சரளை, அதற்கும் கீழே கருங்கல். மேல்மண் பல இடங்களில் ஆழம் குறைவு. குழியின் அளவில் 15 செ.மீ. குறைத்தால் வேருக்குக் கிடைக்கும் இளகிய மண் பாதிக்கும் கீழே போய்விடும். ஏப்ரலில் வெட்டிய குழி இரண்டு மாதம் வெயிலில் காய்ந்தால் நல்லது. மண்ணில் இருக்கும் புழு, பூச்சி, களைக் கிழங்கு எல்லாம் குறையும்.

எந்த மரம்?

கோனோகார்பஸ் இதற்குப் பாடம். வேகமாக வளரும், எப்போதும் பச்சையாக இருக்கும். சாலை நடுவிலும் பூங்காவிலும் வரிசை வரிசையாக வைத்தார்கள். பிறகு வேர் குழாய்களைத் துளைக்கிறது, மகரந்தம் மூச்சுக் கோளாறு தருகிறது என்று புகார்கள் எழுந்தன. தெலங்கானா அதை நடுவதை நிறுத்தச் சொன்னது. குஜராத் 2023-இலும் தமிழ்நாடு 2025-இலும் தடை விதித்தன. வைத்த செலவோடு இப்போது வெட்டும் செலவும் சேர்கிறது. மரத்தை நினைத்தபோது வெட்டவும் முடியாது. 2002-ஆம் ஆண்டின் நீர், நிலம், மரங்கள் சட்டப்படி அனுமதி வேண்டும்.

நம்மூர் மரம்தானே என்று ஒரே வகையை அடுக்குவதும் ஆபத்து. 2021-இல் தெலங்கானா முழுதும் வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகின. தேயிலைக் கொசு என்னும் பூச்சியும் ஒரு பூஞ்சையும் சேர்ந்து செய்த வேலை. பல மரங்கள் மீண்டு தளிர்த்தன. ஆனால் வேம்பு மட்டுமே நின்ற தெருவில் அந்த ஆண்டு நிழல் இல்லை.

அமெரிக்கத் தாவரவியலாளர் பிராங்க் சாண்டமோர் 1990-இல் சொன்ன விதி இதற்கு உதவும். ஓர் இடத்து மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது, ஒரே பேரினம் 20, ஒரே குடும்பம் 30. பத்து மரம் என்றால் பத்தும் வேறு வேறு. சரக்கொன்றை, புங்கம், புரசு, வன்னி நான்கும் அவரைக் குடும்பம் என்பதால் மூன்றுக்குத்தான் இடம். வன்னி தெலங்கானாவின் மாநில மரம்தான், ஆனால் மெதுவாக வளரும்; பெரிய இடத்துக்கு விட்டுவிடலாம். பட்டியல் இப்படி அமையும்: வேம்பு, புங்கம், சரக்கொன்றை, புரசு, நாவல், மகிழம், இலுப்பை, பூவரசு, நெல்லி, பவளமல்லி. நாவலைக் கார் நிறுத்தும் இடத்தருகே வைக்கவேண்டாம். ஆனி, ஆடியில் கார் ஊதா நிறமாகிவிடும். மின்கம்பிக்குக் கீழே பவளமல்லி போதும்.

களையின் கணக்கு

பார்த்தீனியம் 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுதும் பரவியது. தெலுங்கு மக்கள் வைத்த பெயர் வய்யாரி பாமா. ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும். நூற்றுக்கு ஒன்று முளைத்தாலே அடுத்த மழையில் நூறு செடி. முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறை பிடுங்குவது வீண்வேலை. பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்கவேண்டும். தோல் அரிப்பும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் பக்கத்தில் போகக்கூடாது.

கோரை வேறு வகை. அதன் பலம் விதையில் இல்லை, மண்ணுக்குள் சங்கிலியாகக் கோத்திருக்கும் கிழங்கில். மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு தங்கி மறுபடி முளைக்கும். ஏப்ரலில் 20 செ.மீ. ஆழம் கொத்திப் புரட்டிக் கிழங்கை வெயிலில் காயவிடுவதுதான் மலிவான வழி. ஈரமண்ணின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பாலிதீன் விரித்து 4 முதல் 6 வாரம் மூடிவைத்தால் மேல்மண்ணில் கிடக்கும் சிறு விதைகள் வெந்துபோகும்; கோரைக் கிழங்கு அதற்கு அவ்வளவாக அசையாது.

மருந்து அடித்துவிடலாம் என்பவர்களுக்கு: கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழிலாளர் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் அது தேவையும் இல்லை. ஒரு மீட்டர் விட்டமுள்ள பாத்தியின் பரப்பு 0.785 சதுர மீட்டர். அதில் 8 செ.மீ. கனத்துக்குச் சருகு போட 63 லிட்டர், அதாவது 20 லிட்டர் கூடையில் மூன்று கூடை. அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடவேண்டும். புங்கமும் வேம்பும் மாசியில் கொட்டும் சருகை எரிக்காமல் சேர்த்துவைத்தால் இதற்குச் செலவு பூஜ்யம்.

களை பெரும்பாலும் நாம் காசு கொடுத்து வாங்கி வருவது. லோடு செம்மண்ணில் கோரைக் கிழங்கு இருக்கும், மக்காத சாணத்தில் விதை இருக்கும். லாரி இறக்கும் முன் ஒரு கை மண்ணைக் கிளறிப் பார்ப்பதற்குக் கூலி கிடையாது.

புல்வெளியா, பல்லாண்டுச் செடியா?

மரத்துக்கு இடையில் எதை வைப்பது? புல்வெளிக்குக் கோடையில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 5 லிட்டர் என்றால் 120 நாளுக்கு 600 லிட்டர். 100 சதுர மீட்டருக்கு 60,000 லிட்டர், 12 லாரி, ₹8,400. அதுவும் ஒவ்வொரு ஆண்டும்.

30 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலப் பாத்தியில் இரண்டு வரிசை, இரண்டடி இடைவெளி என்றால் 100 செடி கொள்ளும். ஆவாரை, நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ, ஆடாதோடை கலந்து ₹25 வீதம் ₹2,500. தொழு உரம் 150 கிலோ ₹1,200. முதல் ஆண்டு களைக்கு ஆறு அரைநாள் ₹2,100. மொத்தம் ₹5,800. செடிக்கு 3 லிட்டர், வாரம் இரு முறை என்று முதல் கோடைக்கு 10,200 லிட்டர் வேண்டும், ₹1,428. இரண்டாம் ஆண்டில் செடிகள் தொட்டுக்கொண்டால் களைக்கு வெளிச்சம் கிடைக்காது. ஆவாரை மாநிலப் பூ. பதுகம்மா பண்டிகைக்கு அடுக்கும் தங்கேடு அதுதான். வேர் பிடித்தபின் தண்ணீர் கேட்காது.

தெலங்கானாவின் 2018 ஊராட்சிச் சட்டம் நட்டதில் 85 சதவீதம் பிழைக்க வேண்டும் என்று ஊராட்சித் தலைவரையும் செயலரையும் பொறுப்பாக்குகிறது. 2019 நகராட்சிச் சட்டம் வரவுசெலவில் 10 சதவீதத்தைப் பசுமைக்கு ஒதுக்கச் சொல்கிறது. எண்ணிக்கையைவிடப் பிழைப்புதான் கணக்கு என்று அரசே எழுதிவைத்திருக்கிறது. காலனிச் சங்கங்களும் அதையே எழுதிவைக்கலாம். கையில் ₹10,000 இருந்தால் 50 செடி வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து மரம் வையுங்கள். மிச்சப் பணத்தை மூன்று ஆண்டுக்கு எடுத்துவையுங்கள்.