கடைகள் மூடப்படும்போது எங்கள் கையுழைப்பு எங்கே போகும்?

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு புடவைக்கடை. அந்தக் கடைக்கு நான் இருபது வருடங்களுக்கு மேலாகச் சாறிச் சட்டையும் உள்பாவாடையும் தைத்துக் கொடுத்து வந்தேன். 2023ஆம் ஆண்டு அந்தக் கடை மூடப்பட்டது. கடைசி நாள் தைத்த சட்டைகளைக் கொண்டுபோனபோது தட்டுகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. கடைக்கார அண்ணர் என் கணக்கைத் தீர்த்துவிட்டு, "பிள்ளை, இனி ஆரை நம்பிக் கடை திறக்கிறது? வாடகையும் கரண்ட் பில்லும் கட்டவே வியாபாரம் காணாது" என்று சொன்னார். பஸ் ஏறிக் களனிக்குத் திரும்பும் வழி முழுவதும் அடுத்த மாத வாடகையைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன்.

கடை மூடினால் முதலாளிக்குத்தான் நட்டம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் பின்னால் தையல்காரி, மா இடிப்பவர், தூள் திரிப்பவர், பலகாரம் சுடுபவர் என்று எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் என்னைப்போல யுத்தத்தில் கணவரை இழந்தும் வீட்டை இழந்தும் வந்தவர்கள். ஆகவேதான் நகரத்துக் கடைத்தெருக்கள் ஏன் இப்படிச் சுருங்குகின்றன, நாங்கள் என்ன செய்யலாம் என்பதை எனக்குத் தெரிந்தவரையில் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

யுத்தம் மூடிய தெருவும் வளர்த்த தெருவும்

கொழும்பின் கடைத்தெரு என்றால் ஒரு காலத்தில் கோட்டையும் புறக்கோட்டையும்தான். கோட்டை யோர்க் வீதியில் கார்கில்ஸ், மில்லர்ஸ் போன்ற பெரிய கடைகள் இருந்தன. புறக்கோட்டையில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வியாபாரம். நகைக்குச் செட்டியார் தெரு, துணிக்குப் பிரதான வீதியும் கெய்சர் வீதியும், அரிசி, மிளகாய், வெங்காயத்துக்கு நாலாம் குறுக்குத் தெரு, மருந்துச் சரக்குக்கு கபோஸ் லேன். கலியாணம் என்றால் காலையில் போய் ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வரலாம்.

1983 ஜூலைக் கலவரத்தில் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழரின் கடைகள் எரிக்கப்பட்டன. பலர் திரும்பி வரவேயில்லை. 1987 ஏப்ரலில் புறக்கோட்டை மத்திய பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1996 ஜனவரி 31ஆம் திகதி கோட்டையில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் 91 பேர் இறந்தார்கள். அதன்பின் கோட்டையின் தெருக்கள் பல வருடங்களாக வாகனங்களுக்கு மூடப்பட்டிருந்தன. சோதனைச் சாவடியைத் தாண்டிப் போய்ச் சாமான் வாங்க யாருக்கு மனம் வரும்? கோட்டையின் கடைகள் பேரங்காடிகள் வருவதற்கு முன்னரே யுத்தத்தால் நலிந்துவிட்டன.

அதே யுத்தம் வெள்ளவத்தையை வளர்த்தது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களும், வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருந்தவர்களும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளிலும் தொடர்மாடிகளிலும் வந்து தங்கினார்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய காசில் புடவைக்கடை, நகைக்கடை, பலசரக்குக்கடை எல்லாம் நடந்தன. "சின்ன யாழ்ப்பாணம்" என்று வெள்ளவத்தையைச் சொல்வார்கள். நானும் 1997இல் இரண்டு பிள்ளைகளுடன் வவுனியாவூடாக வந்து முதலில் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருந்தேன். பின்னர் வாடகை குறைவு என்பதால் களனிப் பக்கம் வந்தேன்.

அந்த வியாபாரம் எவ்வளவு நிலையற்றது என்பதை 2007 ஜூன் 7ஆம் திகதி கண்டோம். அன்று அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. எனக்கு அளவு கொடுத்துவிட்டுப் போன ஓர் அக்காவின் சட்டை தைத்து முடிந்தும் பல மாதம் கடைத்தட்டிலேயே கிடந்தது. 2009இல் யுத்தம் முடிந்த பின் பலர் ஊர் திரும்பினார்கள். ஊர் திரும்பியது நல்ல காரியம். ஆனாலும் வெள்ளவத்தைக் கடைகளுக்கு வந்த கூட்டம் குறைந்தது என்பதும் உண்மை.

குளிரூட்டிய கடைகள் வந்தன

கார்கில்ஸ் நிறுவனம் தன் முதல் சுப்பர்மார்க்கட்டை 1983ஆம் ஆண்டு கொழும்பு ஸ்டேபிள்ஸ் வீதியில் திறந்தது. இன்று அந்த நிறுவனத்தின் பூட் சிற்றிகள் மட்டும் நாடு முழுவதும் 500க்கு மேல் உள்ளன. யாழ்ப்பாணத்தில் கார்கில்ஸ் சதுக்கம் 2013இல் திறக்கப்பட்டது. கொழும்பில் காலிமுகத்திடலுக்கு அருகே வன் கோல்பேஸ் பேரங்காடி 2019இல் வந்தது. வெள்ளவத்தைக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் நெசவாலை இருந்த பெரிய காணியில், ஹவ்லொக் சிற்றியின் பேரங்காடி 2023இல் வந்தது. நூல் நூற்றுத் துணி நெய்த இடத்தில் இன்று வெளியிலிருந்து வந்த ஆயத்த ஆடைகளை விற்கிறார்கள்.

இவற்றைக் குறை சொல்லி மட்டும் பயனில்லை. சுப்பர்மார்க்கட்டில் விலை எழுதி ஒட்டியிருக்கிறது. சிங்களம் தெரியாத பெண்ணும் யாரோடும் பேரம் பேசாமல், ஒருவருடைய ஏச்சும் பார்வையும் இல்லாமல் வாங்கிக்கொண்டு வரலாம். நிறையில் ஏமாற்றம் குறைவு. புறக்கோட்டைத் தெருக்களில் நெரிசலுக்குள் இளம்பெண்கள் படும் தொல்லை நாங்கள் அறியாததல்ல. பழைய கடை எல்லாம் நல்லது, புதியது எல்லாம் கெட்டது என்று சொல்வது நேர்மையாகாது.

ஆனால் சுப்பர்மார்க்கட்டில் கடன் கொப்பி இல்லை. கால் போத்தல் தேங்காயெண்ணெயும் ஐம்பது கிராம் சீரகமும் நிறுத்துத் தரமாட்டார்கள். அன்றாடம் உழைத்து அன்றாடம் வாங்குபவருக்கு இது பெரிய விடயம். நான் வேலை செய்த புடவைக்கடையில் எங்கள் ஊர்க் கதை இருந்தது. யாருக்கு வீடு வாடகைக்கு வேண்டும், யார் நல்ல டாக்குத்தர், எந்த மகனிடமிருந்து கடிதம் வந்தது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். 2016 மே மாதம் களனி ஆறு பெருகி எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது என் தையல் மெசினின் மோட்டர் பழுதாகியது. அண்ணர் திருத்துவதற்கு முற்பணம் தந்து, மாதம் மாதம் கூலியில் கழித்துக்கொண்டார். வட்டி இல்லை, கையொப்பமும் இல்லை. அத்தகைய முற்பணத்தை இனி எங்கே கேட்பது?

மூன்று அடிகள்

ஏற்கனவே தள்ளாடிய கடைகளுக்கு அடுத்தடுத்து மூன்று அடிகள் விழுந்தன. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. அதன்பின் மக்கள் நெரிசலான தெருக்களுக்குப் போகப் பயந்தார்கள். முஸ்லிம் சகோதரர்களின் கடைகளைப் பலர் ஒதுக்கினார்கள். ஒரு காலத்தில் எங்கள் கடைகள் எரிந்ததை மறக்காத நாங்கள் இதை நினைத்து வருந்த வேண்டும்.

அடுத்தது 2020இல் கொரோனா. ஊரடங்குக் காலத்தில் வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுவரும் பழக்கம் ஏற்பட்டது. பெரிய கடைகள் அதைப் பிடித்துக்கொண்டன, சின்னக் கடைகளால் முடியவில்லை. மூன்றாவது 2022இன் பொருளாதார நெருக்கடி. ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. செப்டெம்பர் மாதம் கொழும்பில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதமாக இருந்தது. விலை அடிக்கடி மாறியபோது கடன் கொப்பி எழுதுவதே கடைக்காரருக்கு நட்டமாகிவிட்டது. 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. புதுச்சாறி வாங்காதவர் புதுச்சட்டை தைப்பதில்லை. அந்த வருடங்களில் என் கைக்கு வந்த வேலை பாதியாகக் குறைந்தது.

சந்தை ஆற்றங்கரைக்கு வந்தது

இன்னொரு மாற்றமும் நடந்தது. புறக்கோட்டையிலிருந்த மொத்த மீன் சந்தை 2011இல் பேலியகொடைக்கு வந்தது. மனிங் சந்தையும் 2020 நவம்பரில் களனி ஆற்றுக்கு இந்தப் பக்கம், பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. புறக்கோட்டையின் லொறி நெரிசல் குறைந்தது. லொறிகளுக்கு இடவசதியும் கிடைத்தது. ஆனால் அதிகாலையில் மனிங் சந்தையில் கீரையும் தேசிக்காயும் வாங்கி அருகிலேயே பாதையோரத்தில் விற்ற பெண்களுக்கு இது கூடுதல் பயணமும் செலவும். விடியமுன் பேலியகொடைக்கு வந்து, மூட்டையோடு மறுபடி நகரத்துக்குப் போகவேண்டும்.

எனக்கோ சந்தை கிட்டவாகிவிட்டது. நாங்கள் ஐந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து வாரம் ஒருமுறை போய் மரக்கறி மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். இதில் இரண்டு பேர் சிங்களச் சகோதரிகள். பேரம் பேசுவது அவர்கள், நிறை பார்ப்பது நான். ஒரு வீட்டுக்குத் தனியே மொத்த விலை கிடையாது, ஐந்து வீடு சேர்ந்தால் கிடைக்கிறது.

நாங்கள் என்ன செய்யலாம்?

அண்ணரின் கடை மூடியபின் மூன்று மாதம் எனக்கு ஒழுங்கான வேலை இல்லை. அந்த மூன்று மாதத்தில் என் பிழைகளை உணர்ந்தேன். சகோதரிகளுக்கு உதவலாம் என்பதால் அவற்றை எழுதுகிறேன்.

முதலாவது, நான் ஒரே கடையை நம்பியிருந்தேன். கடை மூடியதும் எல்லாம் நின்றது. குறைந்தது இரண்டு மூன்று இடங்களுக்கு வேலை செய்யுங்கள்.

இரண்டாவது, என் சட்டையை உடுத்தவர்களை எனக்குத் தெரியாது. கடைக்குத்தான் அவர்களைத் தெரியும். அண்ணர் நல்லவர் என்பதால் தன் அளவுக் கொப்பியைப் பார்த்து, வாடிக்கையாளர்களிடம் கேட்டு, சிலருடைய தொலைபேசி இலக்கங்களைத் தந்தார். இன்று எனக்குக் கிடைக்கும் வேலையில் பெரும்பங்கு அவர்களிடமிருந்துதான். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். அளவுச் சட்டையைக் கொட்டாஞ்சேனையில் ஒரு தெரிந்த கடையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கடைக்கு ஒரு சிறு தொகை கொடுக்கிறேன். தைக்கும் ஒவ்வொரு பெண்ணும் வாடிக்கையாளரின் பெயர், அளவு, இலக்கம் மூன்றையும் சொந்தக் கொப்பியில் எழுதி வைக்கவேண்டும்.

மூன்றாவது, நான் கூலியை எழுதினேனே தவிர செலவை எழுதவில்லை. நூல், மின்சாரம், பஸ் காசு எல்லாம் கழித்துப் பார்த்தால் சில சட்டைகளில் எனக்கு மிஞ்சியது மிகக் குறைவு.

மிளகாய்த்தூள், ஒடியல் மா, பலகாரம் செய்யும் சகோதரிகள் சுப்பர்மார்க்கட்டுக்குக் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். கொடுக்கலாம். அதற்கு வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும். சுகாதாரமான சமையலிடம், சரியான லேபல், திகதி, பார்கோட் எல்லாம் வேண்டும். பதிவு பற்றிப் பிரதேச செயலகத்திலும், சமையலிடம் பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் விசாரியுங்கள். பணம் உடனே கைக்கு வராது, விற்காதது திரும்பி வரவும் கூடும். எந்தத் திகதியில் பணம், திரும்பி வந்தால் யாருக்கு நட்டம் என்பதை எழுத்தில் கேட்காமல் முதல் பெட்டியை அனுப்பாதீர்கள். இதற்காக வாராவட்டிக் கடன் எடுக்கவே வேண்டாம். தனியாக முடியாவிட்டால் நாலைந்து பேர் ஒரு சங்கமாகச் சேர்ந்து ஒரே பெயரில் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஊரில் இன்னும் கடன் கொப்பியோடு ஒரு சின்னக் கடை இருந்தால், கையில் காசு உள்ள நாளிலும் அங்கே போய் வாங்குங்கள். காசு இல்லாத நாளில் மட்டும் அங்கே போய், காசு வந்ததும் குளிரூட்டிய கடைக்குப் போனால் அந்தக் கடை எப்படி நிலைக்கும்? இதை நானும் செய்தவள்தான். எங்கள் ஒழுங்கையில் கடை வைத்திருக்கும் சிங்கள அக்கா 2022இல் இரண்டு மாதம் எனக்கு அரிசியும் பருப்பும் கடனுக்குத் தந்தார். கடன் தீர்ந்துவிட்டது. ஆனாலும் இப்போது மாதச் சாமானை அவரிடம்தான் வாங்குகிறேன். சென்ற வாரம் தன் மகளின் கலியாணத்துக்குப் பன்னிரண்டு சட்டை தைக்க வேண்டும் என்று துணிகளைக் கொண்டுவந்து தந்திருக்கிறார். இதை எழுதி முடித்ததும் அவற்றை வெட்டத் தொடங்க வேண்டும்.