வீட்டுக்காரர் கேட்கலாம், வெளியேற்றும் உத்தரவு நீதிமன்றத்துடையது

“பையனுக்குக் கல்யாணம். ஒண்ணாம் தேதிக்குள்ள காலி பண்ணிடுங்க” என்று வாய்ப்பேச்சில் தொடங்கும். மறுத்தால் மோட்டார் சுவிட்சுக்குப் பூட்டு விழும், மாடிப்படி விளக்கு எரியாது, “அட்வான்ஸ் ஒரு பைசா கிடையாது” என்ற மிரட்டல் வரும். “அவங்க வீடு, நாம என்ன செய்ய முடியும்” என்று பலர் கிடைத்த வண்டியில் சாமான்களை ஏற்றிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, வீட்டைத் திரும்பப் பெற விரும்பும் உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டுக் காரணத்தை நிரூபிக்க வேண்டும். அரசுக் கட்டடங்களும் கோயில், வக்பு சொத்துகளும் இந்தச் சட்டத்துக்குள் வராது. அவற்றுக்கு வேறு விதிகள்.

எந்தக் காரணங்கள் செல்லும்?

இரண்டு மாத வாடகை பாக்கி, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, இடித்துக் கட்டும் தேவை, உரிமையாளருக்கோ அவர் குடும்பத்துக்கோ குடியிருக்க வீடு தேவைப்படுவது ஆகியவை முக்கியமானவை. பாக்கிக்கான நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுதும் கட்டிவிட்டால், அந்தக் காரணத்தைச் சொல்லி வெளியேற்ற முடியாது. ஆனால் திரும்பத் திரும்பப் பாக்கி வைப்பவருக்கு இந்தச் சலுகை கிடைக்காது.

பலர் அறியாத காரணம் ஒன்று உண்டு: எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாதது. “இருபது வருஷமா இருக்கோம், வாய்ப்பேச்சுதான்” என்று பெருமையாகச் சொல்பவர்தான் இன்று அதிக ஆபத்தில் இருக்கிறார். ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம்.

தொல்லை கொடுத்தால் என்ன வழி?

தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். உடனே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. பூட்டிய மோட்டாரையும் வறண்ட குழாயையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

வாடகையை வாங்க மறுத்து, பிறகு “பாக்கி வைத்தார்” என்று வழக்குப் போடுவது பழைய தந்திரம். இரண்டு மாதம் தொடர்ந்து மணியார்டரிலோ வேறு வழியிலோ அனுப்புங்கள். அப்போதும் மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டிவிடலாம். ரசீதுகளைத் தொலைக்காதீர்கள்.

நீங்கள் வெளியூர் போயிருக்கும்போது பூட்டை உடைத்துச் சாமான்களை வெளியே போட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act) 1963, பிரிவு 6-இன் கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து வீட்டைத் திரும்பப் பெறலாம். அங்கே உரிமை யாருடையது என்பது கேள்வியே இல்லை, சட்டப்படி வெளியேற்றினார்களா என்பதுதான் கேள்வி. நிலைபெற்ற குடியிருப்பில் இருப்பவரைச் சட்ட வழியில்லாமல் வெளியேற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சொல்லிவிட்டது.

காவல் நிலையத்தில் பஞ்சாயத்து பேசி “பத்து நாளில் காலி செய்கிறேன்” என்று எழுதி வாங்கும் வழக்கமும் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டைக் காலி செய்யவைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் இல்லை. பயத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீடு விற்றாகிவிட்டது என்றாலும் பயப்பட வேண்டாம். வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறார். அவரும் இதே சட்ட வழியில்தான் வர வேண்டும்.

அட்வான்ஸ்

ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். சாவி கொடுக்கும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படமெடுத்து, சாவி பெற்றதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகைதாரருக்கும் ஒரு எச்சரிக்கை

பன்னிரண்டு வருடம் குடியிருந்தால் வீடு நமக்கே என்பது கட்டுக்கதை. வாடகை கட்டுபவர் அந்த வழியில் உரிமை கொண்டாட முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்பும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தால் கூடுதல் வாடகை தலையில் விழும். உரிமையாளருக்கு உண்மையிலேயே வீடு தேவையென்றால், பேசி அவகாசம் வாங்கிக்கொள்வதே இருவருக்கும் செலவு குறைந்த வழி.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்துக் கிடைக்கும். 15100 என்ற இலவச எண்ணுக்கு அழையுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

வாடகையை வங்கி வழியாகக் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தகராறு வந்த பிறகு தேடினால் இந்தக் காகிதங்கள் கிடைக்காது. இந்த மாதமே தொடங்குங்கள்.