உங்கள் சொலிசிட்டரின் இன்னொரு கட்சிக்காரர்

லண்டனில் வீடு வாங்கிக்கொண்டிருந்த நண்பர் ஒரு நாள் சாயங்காலம் போன் பண்ணினார். நல்ல கோபம். "நான் காசு கொடுத்து வெச்ச வக்கீல், என்னைப் பத்தி பேங்க்குக்கு எழுதணும்ங்கறார். இது என்னங்க நியாயம்?"

நடந்தது இதுதான். வீட்டின் விலை 4,20,000 பவுண்டு. அதில் 10 சதவீதம், அதாவது 42,000, இவர் கையிலிருந்து போட வேண்டும். மீதி வங்கிக் கடன். 42,000-இல் 25,000 கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் அனுப்பியது. கடன் விண்ணப்பத்தில் புரோக்கர் எல்லாவற்றையும் "சேமிப்பு" என்று ஒரே சொல்லில் போட்டுவிட்டார். சொலிசிட்டர் வங்கிக் கணக்கைப் பார்த்து, இந்த 25,000 என்ன என்று கேட்டிருக்கிறார். நண்பர் வெள்ளந்தியாக, "அண்ணன் கொடுத்தது, மூணு நாலு வருஷத்துல மெதுவா திருப்பிக் கொடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வேலை நின்றுவிட்டது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடன் வாங்கி வீடு வாங்குகிற பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி இதில் இருக்கிறது. (ஸ்காட்லாந்து நடைமுறை வேறு, அதை இங்கே தொடவில்லை.) நீங்கள் அமர்த்தி, நீங்கள் பீஸ் கொடுக்கிற சொலிசிட்டருக்குப் பொதுவாக இரண்டு கட்சிக்காரர்கள். ஒருவர் நீங்கள், இன்னொருவர் உங்களுக்குக் கடன் தரும் வங்கி. ஒரே ஆள், ஒரே கோப்பு, இரண்டு எஜமானர்கள்.

நம்ம ஊரில் வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். அங்கே வங்கியின் பேனல் வக்கீல் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்து வங்கிக்கு ஒப்பினியன் எழுதுவார். பீஸ் நம்முடையதுதான், ஆனால் அவர் வங்கியின் ஆள் என்று நமக்கே தெரியும், நாமும் அவரிடம் அளந்துதான் பேசுவோம். இங்கே அப்படி இல்லை. சொலிசிட்டர் நம் ஆள் என்று நினைத்துக்கொண்டு மனம் விட்டுப் பேசுகிறோம். அவர் நம் ஆள்தான், நமக்கு மட்டும் ஆள் இல்லை என்பதுதான் சிக்கல்.

ஒருவரே இரண்டு பேருக்கு வேலை செய்ய எப்படி விடுகிறார்கள்? வாங்குகிறவரும் விற்கிறவரும் எதிரெதிர்ப் பக்கம், அதனால் ஒரே சொலிசிட்டர் இருவருக்கும் வேலை பார்ப்பது பெரும்பாலும் முடியாது. வாங்குகிறவரும் வங்கியும் அப்படி இல்லை. பத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும், வழி உரிமை இருக்க வேண்டும், அனுமதி இல்லாமல் கட்டிய பகுதி இருக்கக் கூடாது என்பதெல்லாம் இருவருக்கும் பொதுவான அக்கறை. அதனால் விதிகள் இதை அனுமதிக்கின்றன. செலவும் குறைகிறது, தனித்தனி வக்கீல் என்றால் வங்கியுடைய வக்கீலின் பீஸும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும்.

வங்கி தன் எதிர்பார்ப்புகளை எழுத்தில் வைத்திருக்கிறது. யூகே ஃபைனான்ஸ் என்ற வங்கிகள் சங்கம் வெளியிடும் கடன் வழங்குவோர் கையேடு அது. முதல் பகுதி எல்லா வங்கிகளுக்கும் பொது, இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு வங்கியும் தன் தனி விதிகளைச் சொல்லும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிக்கச் சுவாரஸ்யமான நூல் இல்லை, ஆனால் வீடு வாங்குகிறவர் அரை மணி நேரம் புரட்டினால், சொலிசிட்டர் ஏன் இப்படிக் குடைகிறார் என்பது விளங்கும். விற்பவர் கடைசி நேரத்தில் விலையில் 5,000 குறைத்தால் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். விற்பவர் அந்த வீட்டை வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால் தெரிவிக்க வேண்டும். வாங்குகிறவர் போடும் பணம் அவருடைய சொந்தப் பணம் இல்லை என்றால், அதையும்.

இந்த ஆறு மாதக் கணக்கு ஏன் என்பதற்கு ஒரு பழைய வழக்கைச் சொன்னால் போதும். 1990-களின் நடுவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போன மார்ட்கேஜ் எக்ஸ்பிரஸ் வழக்கு. ஒரு ஃபிளாட்டை ஒருவர் 2,20,000 பவுண்டுக்கு வாங்குகிறார், வங்கி 1,80,000-க்கு மேல் கடன் தருகிறது. இரண்டு பேருக்கும் ஒரே சொலிசிட்டர். நடுவில் அவருக்கு ஒரு விஷயம் தெரியவருகிறது: விற்கிற ஆள் அதே ஃபிளாட்டை அப்போதுதான் 1,50,000-க்கு வாங்குகிறார். சொலிசிட்டர் இதை வாங்குகிறவரிடம் சொன்னார், வங்கியிடம் சொல்லவில்லை. கடன் திரும்ப வரவில்லை, வங்கி வழக்குப் போட்டது. மதிப்பீட்டையே சந்தேகிக்க வைக்கிற தகவல் கையில் கிடைத்தால் வங்கிக்கும் சொல்லியிருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இன்றைக்குச் சொலிசிட்டர்கள் இவ்வளவு பயப்படுவதில் இந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு.

சரி, நண்பர் கதைக்கு வருவோம். "அப்போ நான் சொன்ன ரகசியத்துக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்டார். உண்டு. உங்கள் அனுமதி இல்லாமல் சொலிசிட்டர் அதை வங்கிக்குச் சொல்ல முடியாது. ஆனால் சொல்லாமல் வங்கிக்காகத் தொடர்ந்து வேலை செய்யவும் முடியாது. அனுமதி மறுத்தால், நலன் முரண்படுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, காரணம் எதுவும் எழுதாமல் கடன் காகிதங்களை வங்கிக்குத் திருப்பி அனுப்புவார். அந்த ஒரு வரியைப் பார்த்தால் வங்கிக்குப் புரியாதா என்ன!

அண்ணன் பணத்தில் அப்படி என்ன தப்பு என்றால், தப்பு எதுவும் இல்லை. பெயர்தான் பிரச்சினை. வங்கிக்கு இரண்டே பெயர்கள் தெரியும்: அன்பளிப்பு, கடன். அன்பளிப்பு என்றால் கொடுத்தவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் எனக்குப் பங்கு இல்லை என்று. கடன் என்றால் அதன் மாதத் தவணையைக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும், கடனாக வந்த முன்பணத்தை ஏற்காத வங்கிகளும் உண்டு. நம் குடும்பங்களில் பணம் இந்த இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காது. கைமாத்து என்போம். வட்டி இல்லை, தேதி இல்லை, எழுத்து இல்லை, ஆனால் தங்கச்சி கல்யாணத்துக்கோ பையன் படிப்புக்கோ அது திரும்பி வந்தாக வேண்டும். சீட்டுப் பணமும் இப்படித்தான். கையில் ரொக்கமாக வாங்கிய சீட்டுக்கு எந்தக் கணக்கில் ஆதாரம் காட்டுவது? பணமோசடித் தடுப்பு விதிகளின்படி பணத்தின் மூலத்தைக் கேட்பது சொலிசிட்டரின் கடமை, அங்கே "எல்லாரும் போடறதுதான் சார்" எடுபடாது.

"எல்லாரும் அன்பளிப்புன்னுதான் எழுதிக் கொடுக்கறாங்க" என்று நண்பருக்கு வேறு சிலர் யோசனை சொன்னார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பொய் என்று தெரிந்தே அப்படி எழுதிக் கடன் வாங்குவது 2006-ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்துக்குள் வரக்கூடிய விஷயம். சட்டத்தை விடுங்கள், அந்தக் கடிதம் நிஜமாகவே அண்ணனின் உரிமையை எடுத்துவிடுகிறது. நாளைக்குத் தம்பிக்கு ஒன்று ஆகிவிட்டாலோ, விவாகரத்து என்று வந்தாலோ, அண்ணன் எந்த முகத்தோடு 25,000 கேட்பார்? அவரே கையெழுத்துப் போட்ட காகிதம் எதிரில் இருக்கும்.

இதையெல்லாம் முன்கூட்டியே பேச வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், இங்கே ஒப்பந்தம் எந்த நிமிடத்தில் கட்டுப்படுத்துகிறது என்பது. விலை பேசி முடித்து, "ஏற்றுக்கொண்டோம்" என்று ஏஜென்ட் சொன்ன பிறகும் இரு தரப்பும் விலகலாம். நிலம், வீடு விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று 1989-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு சொலிசிட்டர்களும் போனில் பேசி "எக்ஸ்சேஞ்ச்" செய்கிறார்கள். அந்த போன் பேச்சு முடிந்ததும் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். வழக்கமாக 10 சதவீதம் அப்போது கைமாறும். வீடு கைக்கு வரும் "கம்ப்ளீஷன்" அதற்குப் பிறகு சில நாளோ சில வாரமோ கழித்து. அந்த இடைவெளியில் வங்கிக்கு விஷயம் தெரிந்து கடனை நிறுத்தினால், வாங்க முடியாதது உங்கள் தவறு. 42,000 போய்விடும், அதில் அண்ணன் பணமும் சேர்த்தி. எக்ஸ்சேஞ்சுக்கு முன்பே குடைந்த சொலிசிட்டர் நண்பருக்கு நல்லதுதான் செய்தார்.

கடைசியில் நண்பர் அண்ணனிடம் கடிதத்தை வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டினார். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். மறுநாள் அண்ணியோடு கலந்து பேசிவிட்டு, "பத்தாயிரம் உனக்கே இருக்கட்டும்டா, மீதிய நான் விட முடியாது" என்றார். இருக்கிற பணத்தில் அந்த வீடு கட்டுப்படியாகவில்லை, விற்பவரும் காத்திருக்கவில்லை. சர்வே, சர்ச் செலவு என்று 1,500 பவுண்டு போனது போனதுதான். ஒன்பது மாதம் கழித்து அதைவிடச் சின்ன ஃபிளாட் ஒன்றை வாங்கினார். இந்த முறை புரோக்கருக்கு எழுதிய முதல் மின்னஞ்சலிலேயே அண்ணனின் பத்தாயிரம் இருந்தது.

விற்பவர் பக்கத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. பழைய கடன் பாக்கி எவ்வளவு என்று உங்கள் சொலிசிட்டர் வங்கியிடம் கணக்கு வாங்குவார், விற்ற பணத்தில் அதை அடைத்துவிடுவேன் என்று எதிர்ப் பக்கத்துக்கு வாக்குறுதி கொடுப்பார். அந்த வாக்குறுதியை மீறினால் அவர் தொழிலுக்கே ஆபத்து, அதனால்தான் கடன் அடைந்த ரசீது கையில் வருவதற்கு முன்பே எதிர்ப் பக்கம் பணம் அனுப்புகிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது, நிலையான வட்டிக் காலம் முடிவதற்கு முன் விற்றால் வங்கி போடும் அபராதத் தொகையை மட்டும்தான். சில ஆயிரம் பவுண்டு அதில் போய்விடலாம்.

வாங்குபவர்கள் சொலிசிட்டரை அமர்த்துவதற்கு முன்பே, அவர் உங்கள் வங்கியின் பேனலில் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு பீஸ். அப்புறம், பணம் அனுப்பும் நேரத்தில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சொலிசிட்டர் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தால் நம்பாதீர்கள். மின்னஞ்சலுக்குள் புகுந்து இப்படித் திருடுவதே ஒரு தொழிலாக நடக்கிறது. அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, முதல் நாள் அவர் கொடுத்த காகிதத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு, கணக்கு எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.