முன்பெருக்கி தனியாக வேண்டுமா?



எமது சேமிப்புக் குழு அங்கத்தவரான அக்கா ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். தையல் இயந்திரம் வாங்கவென்று இரண்டு வருடமாகக் கட்டிய சீட்டுப் பணம் அவர் கையில் இருந்தது. முகத்தில் மட்டும் மகிழ்ச்சி இல்லை.

"இவருக்குப் பாட்டென்றால் உயிர், பிள்ளை. மாமா விட்டுப்போன எல்.பி. இசைத்தட்டுகளைப் போட்டால் சத்தம் கேட்குதில்லை. தனியாப் பிறீ அம்பிளிபயர் வாங்கினால் சரிவருமாம் எண்டு கடைக்காரர் சொல்லுறார். எனக்கு இதில என்ன விளங்கும்?"

நான் படித்தது சமூகவியல். ஆனால் வானொலி திருத்தும் தந்தையின் மேசையருகே வளர்ந்தவள். ஆகவே மூவருமாக இருந்து பார்த்தோம். இறுவட்டு நன்றாகப் பாடியது. இசைத்தட்டு மட்டுமே முனகியது.

பிறீ அம்பிளிபயர் எனப்படும் முன்பெருக்கி, எந்தக் கருவியின் ஒலி வேண்டும் எனத் தெரிவுசெய்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்து, பிரதான பெருக்கிக்கு அனுப்புகிறது. குழாய் வால்வுக் காலத்தில் இதனைத் தனிப்பெட்டியாக விற்றார்கள். 1953 இல் வந்த குவாட் 2 பெருக்கியும் அப்படித்தான். பெரிய மின்மாற்றியின் இரைச்சலை மெல்லிய ஒலிச் சமிக்ஞையிலிருந்து தூர வைப்பது அதில் கிடைத்த நன்மை. இன்று வீடுகளில் உள்ள சாதாரண பெருக்கிகளில் இந்தப் பகுதி உள்ளேயே இருக்கிறது. இறுவட்டுக் கருவி ஏறத்தாழ 2 வோல்ற்றுத் தருகிறது. அதற்கு மேலும் பெருக்கம் தேவைப்படுவது அரிது. சத்தம் கூட்டும் வசதியற்ற தனிப் பெருக்கி வைத்திருப்போருக்கும், நீண்ட கம்பிகளால் பல கருவிகளை இணைப்போருக்குமே தனி முன்பெருக்கி உண்மையில் உதவும்.

இசைத்தட்டின் கதை வேறு. காந்தம் அசையும் வகை ஊசித்தலை தருவது சுமார் 5 மில்லிவோல்ற்று மட்டுமே. இறுவட்டுக் கருவி தருவதில் 400 இல் ஒரு பங்கு. அத்துடன் தட்டில் தாழ்ந்த சுருதிகளைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியுமே பதிகிறார்கள். கேட்கும்போது அதனைத் திருப்பிச் சமப்படுத்த வேண்டும். இதற்கான அளவுமுறை 1954 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. இந்த வேலையைச் செய்வது 'போனோ' முன்பெருக்கி என்ற சிறு பெட்டி.

அவர்களது பெருக்கியின் பின்புறம் 'போனோ' துளை இருக்கவில்லை. கடைக்காரர் சொன்ன விலையுயர்ந்த கருவியின் விபரத்தாளைப் பார்த்தோம். அதிலும் அந்த வசதி இல்லை! வாங்கியிருந்தால் பணமும் போய், பாட்டும் கேட்டிராது.

அண்ணர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சின்னப் பெட்டியே போதும். முதலில மெசினை வாங்குவம்" என்றார்.

இப்போது அந்த வீட்டில் தையல் இயந்திரம் ஓடுகிறது. மாலையில் இசைத்தட்டும் சுழல்கிறது.

சகோதரிகளே, வீட்டுக்கு ஒரு கருவி வாங்கும்போது "எனக்கு விளங்காது" என்று ஒதுங்கி நிற்காதீர்கள். எம்மிடம் இருப்பதில் குறை எது, வாங்கப்போவது அந்தக் குறையைத்தான் தீர்க்குமா, அதனிலும் மலிவான வழி உண்டா என்று கேளுங்கள். உழைத்த பணத்துக்குக் கேள்வி கேட்க ஒரு பட்டமும் தேவையில்லை.